பாக்தாத்தில் இருந்து வந்த கேக் கடை!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் குட்டீஸுக்கு பேக்கரி ஒன்றும் புதிதல்ல. தேங்காய் பன், காரா பன், தில்பசந்த் எல்லாம் ஒரு கை பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் பேர் வாங்கிய 'ஐயங்கார் பேக்கரி'கள்தான் எல்லை தாண்டி நம் பக்கமும் வந்தன. அவற்றைத் தொடங்கிய குடும்பங்கள் பல, கர்நாடகாவின் ஹாசன் பகுதியில் இருந்து பெங்களூர் வந்தவை. மனிதர்கள் ஊர் விட்டு ஊர் போகும்போது, அவர்கள் சமையலறையும் கூடவே போகிறது!

ஹாசனில் இருந்து வந்த ருசி இருக்கட்டும். கடல் கடந்து, ஈராக் நாட்டின் பாக்தாத் நகரில் இருந்து வந்த ஒரு குடும்பம் நம் நாட்டில் பேக்கரி நடத்துவது தெரியுமா? அது இருப்பது கொல்கத்தாவில். பெங்களூரில் ரயில் ஏறினால், ஒரு நாளுக்கும் மேலான பயணம். டிக்கெட் எடுக்காமலே போய் வரலாம், வாங்க!

மார்க்கெட்டுக்குள் ஒரு மணம்

கொல்கத்தாவின் நடுவே 'நியூ மார்க்கெட்' இருக்கிறது. 'நியூ' என்றால் புதிதுதானே என்கிறீர்களா? அது திறந்தது 1874ல்! சிவப்புச் செங்கல் கட்டடம். வளையல், பை, பூ, துணி என்று வரிசையாகக் கடைகள். கூட்டத்தில் நுழைந்து போனால், திடீரென்று வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வேகும் மணம் மூக்கைத் துளைக்கும். நிமிர்ந்து பார்த்தால், 'நாகூம் அண்டு சன்ஸ்' என்று பலகை. நாகூர் இல்லை குட்டீஸ், நாகூம்!

உள்ளே பழங்கால மர அலமாரிகள். கண்ணாடிப் பெட்டிகளில் பழக் கேக், பாதாம் பிஸ்கட், எலுமிச்சை டார்ட், பஃப்ஸ் என்று அடுக்கி வைத்திருப்பார்கள்.

இந்தத் தொழிலை 1902ல் தொடங்கியவர், நாகூம் இஸ்ரேல் மொர்தெகாய். பாக்தாதில் இருந்து வந்த யூதர். ஆரம்பத்தில் கடை கிடையாது. வீடு வீடாகப் போய்தான் விற்றார். 1916ல் நியூ மார்க்கெட்டுக்குள் கடை வந்தது. 100 ஆண்டுகளைத் தாண்டி, அதே மார்க்கெட்டில் நடக்கிறது.

யூதர்கள் யார்?

உலகின் மிகப் பழமையான மதங்களில் ஒன்று, யூத மதம். இந்தியாவுக்கு யூதர்கள் பல காலங்களில் வணிகம் செய்ய வந்தனர். கேரளாவில், கொச்சி மட்டாஞ்சேரியில் அவர்கள் 1568ல் கட்டிய வழிபாட்டுக் கூடம் இருக்கிறது. சென்னையிலும் 300 ஆண்டுகளுக்கு முன், பவளமும் வைரமும் விற்ற யூத வணிகர்கள் வாழ்ந்தனர். அங்கே பவளக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு.

ஈராக், சிரியா பக்கம் இருந்து வந்து கொல்கத்தாவிலும் மும்பையிலும் குடியேறியவர்களை, 'பாக்தாதி யூதர்கள்' என்பார்கள். 1971ல் நடந்த போரின் முடிவில், டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது அல்லவா? அந்தச் சரணடைதலை ஏற்பாடு செய்த இந்தியத் தளபதி ஜே.எப்.ஆர்.ஜேக்கப், கொல்கத்தாவில் பிறந்த பாக்தாதி யூதர்தான்.

ஜடை போட்ட ரொட்டி

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறைந்ததில் இருந்து, சனிக்கிழமை இரவு வரை ஓய்வு நாள். அன்று வேலை செய்யக் கூடாது. அடுப்பு மூட்டவும் கூடாது. எனவே சமையல் எல்லாம் வெள்ளிக்கிழமை பகலிலேயே முடிந்து விடும்.

அன்றைய சாப்பாட்டு மேஜையில் 'ஹல்லா' என்ற ரொட்டி இரண்டு இருக்கும். மாவை நீளமாக உருட்டி, ஜடை பின்னுவது போலப் பின்னிச் சுடுவார்கள். நாகூம் கடையிலும் ஹல்லா ரொட்டிக்குப் பெயர் உண்டு.

ரொட்டி ஏன் மெத்தென்று உப்புகிறது தெரியுமா? மாவில் சேர்க்கும் ஈஸ்ட் ஓர் உயிர். அது மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியே விடும். அந்த வாயு மாவுக்குள் குமிழ் குமிழாகச் சிக்கிக்கொள்ளும். இட்லி மாவு இரவில் பொங்கி, காலையில் மூடியைத் தள்ளி நிற்கிறதே... அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் வேலை பார்க்கின்றன.

யூதர்களின் பாஸ்கா பண்டிகையின்போது மட்டும், ரொட்டி பொங்கவே கூடாது! எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், அவசரமாகக் கிளம்பியதால், மாவு பொங்கக் காத்திருக்க நேரமில்லாமல் போனதாம். அந்த நினைவாகத் தட்டையான ரொட்டி சாப்பிடுவர். மாவில் தண்ணீர் பட்டதில் இருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஆனால், மாவு புளிக்கத் தொடங்கிவிடும் என்பது கணக்கு.

சமோசாவின் சொந்தக்காரர்

பாக்தாதி யூதர்களுக்குப் பிடித்த பலகாரம், 'சம்பூசக்'. உள்ளே பாலாடைக்கட்டி வைத்து, நம் சோமாசி போல அரைவட்டமாக மடிப்பார்கள். பெயரைக் கேட்டால் எதுவோ ஞாபகம் வருகிறதா? ஆமாம், சமோசா! இரண்டு பெயர்களுக்கும் மூலம், ஒரே பாரசீகச் சொல். நம் ஊர் டீக்கடை சமோசாவும், பாக்தாத் சம்பூசக்கும் ஒன்று விட்ட அண்ணன் தம்பிகள். நாகூம் கடையில் இதை 'சீஸ் சமோசா' என்றே விற்கிறார்கள்.

பத்துப் பேர் வேண்டும்!

இரண்டாம் உலகப் போர் காலத்தில், கொல்கத்தாவில் ஏறக்குறைய 5,000 யூதர்கள் இருந்தனர். 1947ல் இந்தியா விடுதலை பெற்றது. 1948ல் இஸ்ரேல் நாடு உருவானது. அதன்பின் குடும்பம் குடும்பமாக இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்விட்டனர். இன்று அங்கே 30 யூதர்கள்கூட இல்லை.

இதில் ஒரு சங்கடம். யூத வழக்கப்படி, முழுமையான கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்களாவது கூட வேண்டும். 1884ல் கட்டிய 'மாகேன் டேவிட்' என்ற அழகான வழிபாட்டுக் கூடம் கொல்கத்தாவில் இருக்கிறது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், உயர்ந்த கோபுரம் எல்லாம் இருந்தும், அந்தப் பத்துப் பேர் கிடைப்பதுதான் கஷ்டம்! அந்தக் கூடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி, துடைத்து, பூட்டித் திறந்து காத்து வருபவர்கள், முஸ்லிம் குடும்பத்தினர். 1881ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியும் நடக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் சிறுமியர்.

வழிபாட்டுக்குப் பத்துப் பேர் கிடைக்காத ஊரில், பேக்கரி மட்டும் எப்படித் தாக்குப் பிடிக்கிறது?

நாகூமின் பேரன் டேவிட், பல ஆண்டுகள் கடையைக் கவனித்தார். 2013ல் அவர் காலமானார். 'இனி கடை இருக்குமா?' என்று பலரும் கவலைப்பட்டனர். கடை மூடப்படவில்லை. காரணம், அங்கே வேலை பார்ப்பவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் உண்டு. எத்தனை நேரம் பிசைய வேண்டும், எந்த நிறம் வந்ததும் அடுப்பில் இருந்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, அவர்கள் கைக்கு வந்துவிட்ட பாடம். புத்தகத்தில் எழுதி வைத்தாலும், கைப்பக்குவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தானே கற்க முடியும்!

டிசம்பர் மாதம் வந்தால், கிறிஸ்துமஸ் கேக் வாங்க நீண்ட வரிசை நிற்கும். கிறிஸ்தவப் பண்டிகைக்கான கேக். யூதர் தொடங்கிய கடை. முஸ்லிம்களும் இந்துக்களும் சுடுகின்றனர். ஊரே வாங்கித் தின்கிறது.

ஆனால், கடை பிழைத்ததால் எல்லாமே பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ரொட்டியைச் சுட, யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மாலை அந்த ரொட்டியைச் சுற்றி உட்கார்ந்து பாடிய பாட்டும், தாத்தா பாட்டி சொன்ன கதையும், அந்தக் குடும்பங்களோடு போய்விட்டன.

ஓசூர், பேகேப்பள்ளி, சிப்காட் பக்கம் உள்ள தொழிற்சாலைகளில், பல மாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். உங்கள் தெருவில் கொல்கத்தாக்காரர் யாராவது இருந்தால், 'நாகூம் கேக் சாப்பிட்டிருக்கிறீர்களா அண்ணா?' என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே, அவர் வீட்டில் பண்டிகைக்கு என்ன செய்வார்கள், அதை யார் செய்வார்கள் என்றும் கேளுங்கள். நல்ல கதை ஒன்று கிடைக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால், அடுத்த முறை அவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு துண்டு கேக்கும் கிடைக்கும்!