கத்தியின் பாரமே போதும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்பத்திரிகையைக் கையிலெடுக்கும் குடும்பத் தலைவர்களுள் பலர், அதற்குச் சற்று முன்னரோ பின்னரோ கண்ணாடியின் முன் நின்று, வாயைக் கோணலாக்கிக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்து முடித்திருப்பர். முகச் சவரத்தையே குறிப்பிடுகிறோம். எழுதுவதற்கு எத்தனையோ பொருள்கள் இருக்க, கல்லூரி ஆசிரியர் ஒருவர் சவரத்தைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டாரே என நேயர்கள் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுமையுடன் வாசித்தருள வேண்டுகிறோம். அற்பமென நாம் எண்ணும் காரியங்களிலேதான் நமது பழக்கங்களும் சில வேளைகளில் நமது குற்றங்களும் ஒளிந்து கிடக்கின்றன.

எமது இல்லம் றக்வானையில் உள்ளது. பெல்மதுளையிலிருந்து கஹவத்தை வழியாக வரும் பஸ் எம்மை இறக்கிவிடும் இச்சிறு நகரைச் சுற்றிலும் தேயிலை மலைகள், மழைக்கோ குறைவில்லை. குளிர்ந்த நீரில் முகத்தை நனைத்து, கைக்கு அகப்பட்ட சவர்க்காரத்தைத் தேய்த்து, பிளாஸ்டிக் றேசரால் இரண்டே நிமிடத்தில் வழித்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவது இருபது ஆண்டுகளாக எமது வழக்கமாயிருந்தது. கழுத்திலே சிவந்த தடிப்புகள், நாடியிலே கீறல், உடலெங்கும் எரிச்சல். ஆடவர் பெற்ற தலைவிதி இதுவே என எண்ணியிருந்தோம்.

சென்ற விடுமுறைக்கு முன்னர், அரும்பு மீசை கறுக்கத் தொடங்கிய எமது மருமகன் எம்மிடம் வந்து, "மாமா, எனக்குச் சவரம் செய்யப் பழக்கி விடுங்க" என்றான். பாடம் சொல்லிக் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட எமக்கு, இப்பாடத்தில் மாத்திரம் யாதும் தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது.

விடைத்தாள் திருத்தும் பணியின் நிமித்தம் கொழும்புக்குச் சென்றபோது, சவரப் பொருள்களை மட்டுமே விற்கும் சிறு கடையொன்றைக் கண்டு உள்ளே நுழைந்தோம். பன்றி மயிராலும் பாட்ஜர் என்னும் விலங்கின் மயிராலும் செய்த தூரிகைகள், பீங்கான் கிண்ணங்கள், பளபளக்கும் உலோக றேசர்கள், மடக்குக் கத்திகள், தோல்வார்கள், படிகாரக் கட்டிகள் யாவும் ஆபரணங்கள் போல் அடுக்கப்பட்டிருந்தன. விலைச் சீட்டுகளைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம். ஆனால் கடையிலிருந்த இளைஞர் நல்லவர். வாங்காதவர்க்கும் விளக்கம் கூறினார்.

"முதலில் வெந்நீர்ச் சீலையை முகத்தில் சற்று நேரம் வைத்திருங்கள். தூரிகையால் வட்டமாகச் சுழற்றி நுரையை ஏற்றுங்கள். மயிர் எத்திசையில் வளர்கிறதோ அத்திசையிலேயே முதலில் வழியுங்கள். கத்தி முகத்தோடு முப்பது பாகை அளவிற் சாய்ந்திருக்கட்டும். அழுத்தவே வேண்டாம், றேசரின் பாரமே போதும்."

இறுதி வாக்கியத்தைக் கேட்டதும் நாம் திகைத்து நின்றோம். அதே சொற்களை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், றக்வானைக்கு அருகே ஒரு தோட்டத்திலே நாம் கேட்டிருக்கிறோம்.

எமது தந்தையார் அத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஞாயிறு தோறும் தோட்டத்து நாவிதர் தமது அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயத்துக்கு லயம் வருவார். அவருக்குரிய கூலி தொழிலாளரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டு வந்தது. சலவைத் தொழிலாளிக்கும் அவ்வாறே. எமது வீட்டிலோ பின்புறத்துப் பலாமரத்தடியில் தந்தையார் பலகையில் அமர்வார். நாவிதர் மண்ணிலே குந்துவார். சிரட்டையில் வெந்நீர், சிறு கிண்ணியில் நுரை, தோல்வாரில் தீட்டிய கத்தி. "கத்தியோட பாரமே போதும்ங்க, கைப்பாரம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வழிப்பார். தந்தையாரின் முகத்தில் ஒரு நாளேனும் கீறல் கண்டதில்லை.

கொழும்புக் கடையிலே கண்ணாடிப் பேழைக்குள் வைத்து அரிய கலையென விற்கப்படுவது, எமது பலாமரத்தடியில் வாரந்தோறும் நடந்த காரியமே!

அக்கலை எவ்வாறு நம் கைவிட்டுப் போயிற்று என்பதை அறியச் சிறிது சரித்திரம் கூற வேண்டும். ஆடவர் தாமே சவரம் செய்துகொள்ளக் கற்க வேண்டுமென்று 1769இல் பிரான்சு தேசத்துக் கத்தி வினைஞரான ழான் ழாக் பெரே ஒரு நூலே எழுதினார். 1880இல் அமெரிக்காவில் காம்பே சகோதரர், தோலைக் காக்கும் தடுப்புடைய றேசருக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். ஆயினும் அதன் அலகையும் தீட்டியே ஆகவேண்டும். மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய உருக்கு அலகை எண்ணிப் பார்த்தவர் கிங் காம்ப் ஜில்லெட். அதனைச் செய்யும் வழியைக் கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறியியலாளர். 1901இல் கோரிய உரிமைப் பத்திரம் 1904இல் கிடைத்தது. 1903இல் விற்பனையானவை 51 றேசர்களும் 168 அலகுகளுமே. மறு ஆண்டில் 90,000க்கும் மேற்பட்ட றேசர்கள் விற்றன. முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசாங்கம் தன் போர்வீரருக்காகச் சுமார் 35 இலட்சம் றேசர்களை வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அப்பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர்.

பின்னர் 1971இல் இரண்டு அலகுகள், 1998இல் மூன்று, 2006இல் ஐந்து என ஒரே றேசரில் அலகுகள் பெருகின. முழுவதையுமே எறிந்துவிடும் பிளாஸ்டிக் றேசரும் 1970களில் வந்து சேர்ந்தது. கையிலிருந்த திறமை கருவிக்குள் போயிற்று. கருவியோ குப்பைக்குப் போயிற்று. சவரம் எளிதாயிற்று என்பதை மறுக்கவில்லை. ஆனால் சுருண்டு வளரும் மயிர் உடையவர்க்கு, பல அலகுகள் தோலின் மட்டத்துக்குக் கீழே மயிரை அறுத்துவிடுவதால், அது தோலுக்குள்ளேயே வளர்ந்து தடிப்புண்டாக்குவதும் உண்டு. எமது கழுத்துச் சிவப்பின் காரணம் இப்போது விளங்கியது.

வெந்நீரின் காரணத்தையும் மாணவர்கள் அறிதல் நன்று. மயிர் நீரை உறிஞ்சி மென்மையடைகிறது. மென்மையடைந்த மயிரை அறுக்கக் குறைந்த விசையே போதும். உருக்கு மயிரிலும் ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அவ்வாறாயினும் மயிரை அறுக்கும்போது அலகின் விளிம்பு நுண்ணிய சில்லுகளாக உடைகிறது என்பதை, அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினர். நாவிதர் தோல்வாரில் ஓயாது தீட்டியதன் பொருளும், மழுங்கிய அலகை வீணே அழுத்துவதன் கேடும் இதனால் தெளிவாகும்.

கொழும்பிலிருந்து ஒரு தூரிகையும் ஓர் உலோக றேசரும் மட்டும் வாங்கி வந்தோம். அடுத்த ஞாயிறன்று மருமகனையும் அழைத்துக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனோம். நாவிதர் உயிருடன் இருந்தார். எண்பதைக் கடந்துவிட்டார்; கண்கள் மங்கி, விரல்கள் நடுங்கின. "யாரு, கணக்கப்பிள்ளை மகனா? வாங்க மாஸ்டர்" என்று எழ முயன்றார்.

இங்கே ஒன்றை ஒளியாது கூற வேண்டும். எமது சிறு பிராயத்தில், எம் பாட்டனார் வயதை ஒத்த முதியோரையும் வாய் நிறைய உறவு சொல்லி அழைத்த நாம், இவரை மாத்திரம் வெறும் பெயர் சொல்லி, "வா", "போ" என்றே அழைத்தோம். வீட்டார் அவ்வாறே பழக்கினர். அவர் தொட்ட பின் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய விடமாட்டார்கள். அவருக்குத் தேநீர் ஊற்றும் தகரக் கோப்பை வெளியே கூரை இடுக்கில் செருகப்பட்டிருக்கும்.

"உட்காருங்கள் ஐயா" என்றோம். அச்சொல் எமது வாயிலிருந்து அவரை நோக்கி வந்தது அன்றுதான் முதன்முறை. அவர் அதனைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மருமகன், "தாத்தா, எப்படிப் பிடிக்கிறதுன்னு காட்டுங்க" என்று றேசரை நீட்டினான். முதியவர் அதனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தமது இடக்கைப் பெருவிரலால் பையனின் கன்னத்துத் தோலை மெல்ல மேல்நோக்கி இழுத்துப் பிடித்தார். அந்தக் கணத்தில் அவ்விரல்களின் நடுக்கம் நின்றுவிட்டது. "தோலை இழுத்துப் பிடி, தம்பி. அவசரப்படாதே. கத்தியோட பாரமே போதும்" என்றார். பையன் தன் கையாலேயே வழித்தான். ஒரு கீறலும் இல்லை.

"இந்தக் கலையைப் பேரப்பிள்ளைக்குப் பழக்கினீர்களா?" என வினவினோம். முதியவர் சிரித்தார். "ஒரு மகன் கொழும்பில சலூன்ல நிக்கிறான். பேரன் படிக்கிறான், மாஸ்டர். தாத்தா என்ன வேலை செஞ்சாருன்னு பள்ளிக்கூடத்தில சொல்லமாட்டானாம். சொன்னா பிள்ளைங்க சிரிக்குதுங்களாம்."

அப்பிள்ளைகள் யாருடைய வகுப்பில் இருக்கிறார்கள்? எம்மைப் போன்ற ஆசிரியர்களின் வகுப்பிலே அல்லவா?

அவருடைய மருமகள் தேநீர் கொண்டுவந்து, வாசலில் தயங்கி நின்று, "குடிப்பீங்களா?" என்று கேட்டார். வாங்கிக் குடித்தோம். எம் மருமகன் இன்னுமொரு கோப்பை கேட்டு வாங்கினான்.

பழையன யாவும் நல்லனவென்று நாம் கூற வரவில்லை. முதியவரே எமக்கு அதனை எடுத்துரைத்தார்: "அந்தக் காலத்தில எல்லாருக்கும் ஒரே கத்தி. இப்ப அது ஆகாது." உண்மை. ஒருவர் குருதி பட்ட கத்தியால் மற்றொருவருக்குச் சவரம் செய்தால் ஈரலைத் தாக்கும் பி, சி வகை ஹெப்பற்றைற்றிஸ் கிருமிகள் தொற்றக்கூடும். ஆகவே சலூனில் புதிய அலகு இடுவதைக் கண்ணாற் காண வேண்டும். ஒரே படிகாரக் கட்டியைப் பலர் முகத்திலும் தேய்ப்பதும் தகாது. வீட்டிலும் தந்தையும் மகனும் ஒரே றேசரைப் பகிர்தல் கூடாது. பயன்படுத்திய அலகுகளை லயத்துக் கானிலோ தேயிலை மலையிலோ எறியாது, துளையிட்ட தகரப் பேணியில் சேர்த்து வைக்க வேண்டும். வெறுங்காலோடு நடப்பவர்கள் நம்மவர்களே.

விலையுயர்ந்த தூரிகை எவருக்கும் அவசியமன்று. வெந்நீரும் நல்ல நுரையும் கூரிய அலகும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். எமது கழுத்துத் தடிப்புகள் ஒரு மாதத்தில் மறைந்தன. பிளாஸ்டிக் றேசர் வாங்குவதையும் நிறுத்திவிட்டோம்.

விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கியதும், எமது வகுப்பில் ஒரு பாடம் வைத்தோம். ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டனார் செய்த தொழிலையும், அதில் அவர் கைதேர்ந்த நுட்பம் ஒன்றையும் எழுதிவர வேண்டும் என்றோம். எவரும் சிரிப்பதற்கு முன்னர், சவரத்தைப் பற்றி முதியவர் ஒருவரிடம் நாம் கற்ற பாடத்தை நாமே முதலில் எழுதி வாசித்தோம். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பையன் மட்டும் கொப்பியைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு விரைவாக எழுதத் தொடங்கினான்.