எழுதுவேனா, எழுதி முடிப்பேனா?
போலந்து மொழியில் எதிர்காலம்

நாளையைப் பற்றி இன்றே பேசும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்த பெரும் பேறுகளுள் ஒன்று. ஆயினும், அந்நாளையை எல்லா மொழிகளும் ஒரே விதமாகக் கூறுவதில்லை. செய்தான், செய்கின்றான், செய்வான் என மூன்று காலங்களையும் நம் மாணவர் கீழ் வகுப்பிலேயே கற்றுத் தெளிகின்றனர். 'நாளை கடிதம் எழுதுவேன்' என்று சொல்ல நமக்கு யாதொரு தடையும் இல்லை. ஐரோப்பாவிலே, பால்டிக் கடலுக்கும் கார்ப்பாத்திய மலைகளுக்கும் இடையே வாழும் போலந்து மக்களின் மொழியைக் கற்கப் புகுவோனுக்கோ இது அத்துணை எளிதன்று. 'எழுதுவேன்' எனச் சொல்ல வாய் திறந்த மாத்திரத்தே அம்மொழி அவனை ஒரு வினா வினவுகின்றது. 'எழுதிக்கொண்டிருப்பாயா? அன்றி எழுதி முடிப்பாயா?' இதற்கு விடை கூறாமல் அவன் அடுத்த சொல்லை உச்சரித்தல் இயலாது.

போலந்து மொழி சிலாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. செக்கு மொழியும் சுலோவாக்கிய மொழியும் அதற்கு நெருங்கிய உறவின. ருஷ்ய மொழி சற்றே தூரத்து உறவினது. 32 எழுத்துக்கள் கொண்ட இலத்தீன் நெடுங்கணக்கால் அது எழுதப்படுகின்றது. ஏறக்குறைய நான்கு கோடி மக்கள் அதனைப் பேசுகின்றனர்.

இரட்டையராய் வாழும் வினைகள்

அம்மொழியின் வினைச்சொற்களுட் பெரும்பாலானவை இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. ஒரு செயலுக்கு இரு வினைகள் உள. ஒன்று செயல் நிகழும் போக்கை, அல்லது அது மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காட்டும். இதனை நிறைவிலா வினை என்போம். மற்றையது செயல் முடிவெய்துவதைக் காட்டும். இதனை நிறைவு வினை என்போம்.

எழுதுதலைக் குறிக்கும் நிறைவிலா வினை 'பிஸாச்' என்பது. (ஒலியைக் கேட்டு மாணவர் அஞ்சற்க!) அதன் முன்னே ஓர் அசை சேர்ந்து 'நப்பிஸாச்' என வருவது எழுதி முடித்தலைக் குறிக்கும் நிறைவு வினை. இவ்வாறே 'சித்தாச்' என்பது வாசித்தல். 'ப்ஷெச்சித்தாச்' என்பது வாசித்து முடித்தல். எல்லா இணைகளும் இங்ஙனம் முன்னசை பெற்று அமைவன அல்ல. பொருள் வாங்குதலைக் குறிக்கும் 'குப்பொவாச்', 'குப்பிச்' என்னும் இரண்டும் ஈற்றிலே வேறுபடுவன. சொல்லுதலைக் குறிக்கும் 'மூவிச்', 'பொவ்யெஜெச்' என்னும் இணையோ உருவில் ஒன்றோடொன்று சிறிதும் ஒவ்வாதது. ஆகையால், வினைகளை இணை இணையாகவே மனனஞ் செய்தல் வேண்டும்.

இனி ஒரு புதுமையைக் காண்க. நிறைவு வினைக்கு நிகழ்காலம் என்பதே இல்லை. செயல் நிகழ்ந்துகொண்டும் இருக்க வேண்டும், அப்பொழுதே முடிந்தும் இருக்க வேண்டும் என்றால் அஃது எங்ஙனம் பொருந்தும்? எனவே, நிகழ்கால விகுதி நிறைவு வினையோடு சேர்ந்தவுடன் எதிர்காலப் பொருள் தோன்றிவிடுகின்றது. 'பிஷெ' என்றால் எழுதுகின்றேன். அதே விகுதியுடன் 'நப்பிஷெ' என்றால் எழுதி முடிப்பேன்.

துணைக்கு வரும் 'பெந்தெ'

நிறைவிலா வினைக்கு வழி வேறு. 'இருப்பேன்' என்னும் பொருளுடைய 'பெந்தெ' என்ற சொல் அதற்குத் துணையாக வருகின்றது. நான் என்பதற்குப் பெந்தெ, நீ என்பதற்குப் பெஞ்ஜெஷ், அவன் அவள் என்பவற்றுக்குப் பெஞ்ஜெ, நாம் என்பதற்குப் பெஞ்ஜெமி, நீங்கள் என்பதற்குப் பெஞ்ஜெச்செ, அவர்கள் என்பதற்குப் பெந்தொன் என அது திரியும். 'பெந்தெ பிஸாச்' என்றால் எழுதிக்கொண்டிருப்பேன், அல்லது வழக்கமாக எழுதி வருவேன் என்பது பொருள்.

இதனையே வேறொரு முறையிலும் கூறலாம். ஆண்மகன் 'பெந்தெ பிஸாவ்' என்பான்; பெண்மகள் 'பெந்தெ பிஸாவா' என்பாள். தமிழ் வினைமுற்று எழுதுவான், எழுதுவாள் எனப் படர்க்கையிலே பால் காட்டும், தன்மையிலே காட்டாது. போலந்து மொழியின் இவ்வடிவமோ தன்மையிலும் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதை வெளிப்படுத்திவிடும்.

புதிதாய்க் கற்போர் பெரிதும் வழுவுவது ஓரிடத்தில். 'பெந்தெ' என்பதை நிறைவு வினையோடு சேர்த்து 'பெந்தெ நப்பிஸாச்' என்று சொல்லிவிடுகின்றனர். இது முழுப் பிழை. நிறைவு வினை தானாகவே எதிர்காலம் காட்டும். அதற்குத் துணை வேண்டா.

தமிழ் மாணவனுக்கு இப்பாகுபாடு அந்நியமானதன்று. எழுதிவிடுவேன், எழுதிக்கொண்டிருப்பேன் என்று நாமும் பேசுகின்றோம். நாம் வேண்டும்பொழுது துணைவினையால் உணர்த்துவதை அவர்கள் ஒவ்வொரு முறையும் உணர்த்தியே தீர வேண்டும். வேற்றுமை அவ்வளவே.

திட்டமும் நிபந்தனையும்

உறுதி செய்யப்பட்ட பயணம் முதலியவற்றைக் கூற அங்கு நிகழ்காலமே போதும். 'யூத்ரோ யாதெ தொ க்ராக்கொவா' என்றால் நாளை கிராக்கோ நகருக்குப் போகிறேன் என்பதாம். நாமும் 'நாளை ஊருக்குப் போகிறேன்' என்று சொல்கின்றோமல்லவா? விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்பன பற்றிக் காலங்கள் தம்முள் மயங்கி வரலாம் என நன்னூலார் கூறியது ஈண்டு நினைவு கூரத்தக்கது. உள்ளத்தே எண்ணமாக மட்டும் இருப்பதைக் கூற 'ஸம்யெஷம்', அஃதாவது எண்ணியுள்ளேன், என்னும் சொல்லைப் பெய்து, பின்னர் 'எழுத', 'படிக்க' என்பன போன்ற எச்ச வடிவை வைப்பர்.

நிபந்தனை கூறுமிடத்து ஆங்கிலம் பயின்ற மாணவன் தடுமாறுவான். 'மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்' என்பதன் முற்பகுதியை ஆங்கிலேயர் நிகழ்காலத்தில் வைப்பர். போலந்து மக்களோ இரு பகுதிகளையும் எதிர்காலத்திலேயே வைப்பர். 'மழை பெய்யுமாயின் இருப்பேன்' என்னும் நம் தொடர் அதற்கு மிக அணித்தானது. இவ்விடத்தில் ஆங்கிலத்தை மறந்து தமிழை நினைப்பவனே எளிதிற் கரையேறுவான்.

இரு சகோதரிகளின் திட்டம்

இவ்விலக்கணத்தைப் பேணிக் காத்த மக்களின் வரலாறு துயரமானது. 1568இலேயே அம்மொழிக்கு முதல் இலக்கண நூல் அச்சேறிற்று. 1778இல் கொப்சின்ஸ்கி என்னும் பாதிரியார் தேசியப் பாடசாலைகளுக்கென ஓர் இலக்கணம் வெளியிட்டார். ஆனால் 1795இல் ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நாட்டை முற்றாகப் பங்கிட்டுக் கொண்டன. 1918 வரை, 123 ஆண்டுகள், போலந்து என்றோர் அரசு இருக்கவில்லை. 1901இல் வ்ஷெஷ்னியா என்னும் சிற்றூரில், சமய பாடத்தை ஜெர்மன் மொழியிற் கற்க மறுத்த பாடசாலைச் சிறுவர் பிரம்படி பட்டனர். அதனை எதிர்த்த பெற்றோருட் சிலர் சிறை புகுந்தனர்.

அந்த இருண்ட காலத்தில், ருஷ்ய ஆட்சிக்குட்பட்ட வார்சோ நகரில் இரு சகோதரிகள் ஒரு திட்டம் வகுத்தனர். அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகம் திறக்கப்படவில்லை. மூத்தவள் புரோனியா பாரிஸ் சென்று மருத்துவம் பயில்வாள். இளையவள் மரியா செல்வர் இல்லங்களிற் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிப் பணம் அனுப்புவாள். பின்னர் மூத்தவள் இளையவளுக்கு உதவுவாள். இத்திட்டத்தை அவர்தம் தாய்மொழியில் அமைப்பின், இலக்கணம் தானே புலப்படும். பணத்தைப் பன்முறை அனுப்ப வேண்டுமாதலின் 'பெந்தெ பொஸிவாவா', அனுப்பி வருவேன், என நிறைவிலா வினை வரும். பாரிஸ் சேர்வதோ ஒருமுறை நிகழ்ந்து நிறைவேறுவது. அதற்கு 'பொயாதெ', சென்றே விடுவேன், என நிறைவு வினை வரும். பல ஆண்டுக் காத்திருப்பின் பின் 1891இல் மரியா பாரிஸ் சென்றாள். 1898இல் தானும் தன் கணவரும் கண்டறிந்த புதிய மூலகத்துக்கு, தேசப்படத்தில் இல்லாத தன் தாயகத்தின் பெயரால் பொலோனியம் எனப் பெயரிட்டாள். மேரி கியூரி என உலகம் போற்றும் மாதரசி அவளே.

மாணவருக்கு ஒரு சொல்

தவணை தொடங்கும்பொழுது 'இம்முறை நன்றாய்ப் படிப்பேன்' என்னாத மாணவர் அரியர். அச்சொல் எவ்வகையினது? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பேன் என்பதா? இன்ன பாடத்தை இன்ன நாளில் முடிப்பேன் என்பதா? பெற்றோர் ஒன்றை எண்ணி மகிழ, பிள்ளைகள் மற்றதைச் செய்துகொண்டிருப்பதாலன்றோ பரீட்சைக் காலத்தில் வீடுகளிற் கலகம் விளைகின்றது! இரண்டும் வேண்டற்பாலனவே. நாடோறும் செய்துவரும் முயற்சி இல்லையேல் முடிவு கைகூடாது; முடிவைக் குறியாத முயற்சி எப்பயனும் தராது. மரியாவின் திட்டத்தில் இரு வினைகளும் இணைந்து நின்றன.

எதிர்காலத்துக்குப் போலந்து மொழியில் வழங்கும் பெயர் 'ப்ஷிஷ்வொஷ்ச்' என்பது. வந்துசேர்தல் என்னும் வினையினடியாக அது பிறந்தது. நாமும் வருங்காலம் என்கின்றோம். அது வருவது திண்ணம். நாம் தொடங்கியதை முடித்த நிலையில் அதனை எதிர்கொள்வோமா என்பதே கேள்வி. அடுத்த முறை 'செய்வேன்' என்று சொல்லும்பொழுது, எந்தச் 'செய்வேன்' என்று நம் பிள்ளைகள் தம்மைத் தாமே ஒருமுறை வினவிக்கொள்வார்களாக.