மூத்தவர் இன்னும் ஓராண்டு ஆடட்டும்

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றால், முதலில் எழும் குரல் 'பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை மாற்று' என்பதுதான். அவர் முப்பத்தைந்தைத் தொட்டவர் என்றால் கேட்கவே வேண்டாம். அவருடைய கையில் இன்னும் பழைய வேகம் இருக்கிறதா என்றே எல்லாரும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, பெஞ்சில் காத்திருக்கும் 22 வயது இளைஞரை. கன்சாஸ் சிட்டி அணி 2017-இல், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில், ஓர் இளைஞரைப் பத்தாவது தேர்வாக எடுத்தும், 33 வயதுக்காரரையே ஆடவைத்தது. இளையவருக்குக் கிடைத்தது கடைசி லீக் ஆட்டம் மட்டும். மறு ஆண்டு பொறுப்பேற்றவர் 50 டச்டவுன் பாஸ்கள் வீசினார். 2020 பிப்ரவரியில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் வென்றார். கிரீன் பே அணி 2005-இல் எடுத்தவரோ மூன்று சீசன் காத்திருந்தார். 2011-இல் கோப்பை அவர் கைக்கு வந்தது.

காத்திருக்க விடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் சாட்சி. 2002-இல் புதிதாகக் களமிறங்கிய அணி அது. அந்த ஆண்டின் முதல் தேர்வான இளைஞர் தொடக்க ஆட்டத்திலிருந்தே ஆடினார். அவரைக் காக்க வேண்டிய தடுப்பு வரிசை அப்போதுதான் ஒன்றுசேர்ந்திருந்தது. 16 ஆட்டங்களில் 76 முறை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். ஒரே சீசனில் இத்தனை அடி வாங்கியவர் லீக் வரலாற்றில் வேறு யாரும் இல்லை. அப்படி அடிபட்டவரின் கண், பந்தை வாங்க ஓடும் சகவீரரைத் தேடாது. பாய்ந்து வருபவரைத்தான் தேடும். அந்தப் பயம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் எந்தப் பயிற்சியாளராலும் எளிதில் இறக்க முடியாது. என் கவலையெல்லாம் இதுதான்.

களத்தில் இறங்கினால்தானே கற்க முடியும் என்பார்கள். 1998-இன் முதல் தேர்வு அதற்கு நல்ல உதாரணம்தான்: முதல் சீசனில் 28 பாஸ்களை எதிரணியிடம் பறிகொடுத்தார், அணி 13 ஆட்டங்களில் தோற்றது; அடுத்த ஆண்டே 13 வெற்றி. ஆனால் அந்த முதல் சீசனில் அவர் சாய்க்கப்பட்டது 22 முறைதான். தவறு செய்து கற்க அவரால் காலூன்றி நிற்க முடிந்தது. புதியவரின் சம்பளம் குறைவு, அவரை உட்காரவைப்பது வீண் என்ற வாதமும் உண்டு. கன்சாஸ் சிட்டி ஓராண்டை அப்படிச் செலவழித்தும் கோப்பை வென்றது. மூத்தவருக்கு நீண்ட ஒப்பந்தம் தருவதுதான் ஆபத்து. 2024-இல் ஓர் அணி தன் 35 வயது குவார்ட்டர்பேக்கை விடுவித்தபோது, சுமார் 8.5 கோடி டாலர் இரண்டு ஆண்டுகளின் சம்பள வரம்புக் கணக்கில் ஏறியது. எனவே மூத்தவருக்கு ஓராண்டு மட்டும் கொடுங்கள். மிஞ்சும் பணத்தில் முதலில் தடுப்பு வரிசைக்கு ஆள் பிடியுங்கள்.