17 ஆயிரம் அடி உயரத்தில் சைக்கிள் பயணம்!

மும்பையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் குமாஸ்தா. வயது முப்பது. தினமும் ஸ்டேஷனுக்கு சைக்கிளில்தான் போகிறார். உடம்பில் ஒரு வியாதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு கொப்போலி வரை மிதித்து, கண்டாலா மலை ஏறி இறங்குகிறார். அவருக்கு ஓர் ஆசை. இமாசலப்பிரதேசத்து மணாலியில் இருந்து லடாக்கில் உள்ள லே நகரம் வரை சைக்கிளிலேயே போக வேண்டும்.

இப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் என்ன செய்வார்? காலண்டரைத்தான் எடுப்பார். ரோதங் கணவாய் வழியாக மணாலிக்கும் லேவுக்கும் சுமார் 475 கிலோ மீட்டர். ஒரு நாளைக்கு 60 கிலோ மீட்டர் என்றால் 8 நாள். ரெயிலுக்கும் பஸ்சுக்கும் 4 நாள். ஆக 12 நாள் லீவு. விண்ணப்பம் எழுதி கையெழுத்தும் போட்டு விடுவார்.

கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கோடு மலை ஏறியவர்கள் பாதி வழியில் லாரியில் படுத்தபடி திரும்பியது உண்டு. உயிரோடு திரும்பாதவர்களும் உண்டு.

ரெயிலையும் மிஞ்சிய ஏற்றம்

இந்தப் பாதையில் கணவாய்கள் ஐந்து. ரோதங் 13,050 அடி. பாரலாச்சா லா 16,040 அடி. நக்கீ லா 15,550 அடி. லாச்சுலுங் லா 16,600 அடி. கடைசியாக தங்லங் லா 17,480 அடி. 'லா' என்றாலே அந்தப் பகுதி மொழியில் கணவாய் என்றுதான் பொருள். (கணவாய் உச்சியில் நிற்கும் பலகைகளை அப்படியே நம்பி விட வேண்டாம். லேவுக்கு வடக்கே உள்ள கார்துங் லாவில் 18,380 அடி என்று பல காலம் எழுதி வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது 17,600 அடி கூட இல்லை!)

கர்ஜத்தில் இருந்து லோனாவாலாவுக்கு ரெயில் ஏறும்போது பின்னால் தள்ளுவதற்கு தனி எஞ்சின்கள் போடுவதை மும்பை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே செங்குத்தான இடத்தில், 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். மணாலியில் இருந்து ரோதங் வரையிலான 51 கிலோ மீட்டரில், சராசரியாகவே 26 அடிக்கு ஓர் அடி ஏற்றம். பின்னால் தள்ள எஞ்சின் கிடையாது. இரண்டு கால்தான்.

ஆனாலும் ஏற்றம் பெரிய தடை அல்ல. கியர் வைத்த சைக்கிள் இருந்தால் சமாளிக்கலாம். முன் சக்கரப் பல் 24, பின் சக்கரப் பல் 32 என்று போட்டால், மிதி ஒரு சுற்று சுற்ற வண்டிச் சக்கரம் முக்கால் சுற்றுதான் சுற்றும். நடக்கிற வேகம்தான் வரும். ஆனால் ஏறி விடும். பாரலாச்சாவைத் தாண்டி 'காட்டா லூப்' என்று 21 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. அதைக்கூட நிதானமாக மிதிப்பவர் ஒரு காலை நேரத்துக்குள் முடித்து விடலாம். இதற்கெல்லாம் கண்டாலா மலையில் செய்த பயிற்சி உதவும்.

உதவாதது ஒன்று உண்டு. அதுதான் காற்று.

ராத்திரிதான் ஆபத்து

தங்லங் லாவில் காற்றின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் பாதிக்குச் சற்றுதான் மேல். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராண வாயுவும் அதே அளவுக்குக் குறைந்து விடும். உடம்பு இதற்குப் பழக நாள் ஆகும். அவசரப்பட்டால் முதலில் தலைவலி. பிறகு குமட்டல், வாந்தி, தூக்கமின்மை. அதையும் பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் நுரையீரலில் அல்லது மூளையில் நீர் கோத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் ஆளையே முடித்து விடக்கூடியது அது.

பலசாலிக்கு இது வராது என்பது தப்பு. சமவெளியில் இருந்து அவசரமாக இமயமலைக்கு அனுப்பப்பட்ட 1,925 இந்திய ராணுவ வீரர்களைப் பரிசோதித்து, இந்தர்சிங் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1969-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். மலை நோயைப் பற்றி உலக டாக்டர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கட்டுரை அது. அதில் படுத்தவர்கள் நோஞ்சான்கள் அல்ல, சிப்பாய்கள்!

டாக்டர்கள் சொல்லும் விதி எளிது. 10 ஆயிரம் அடிக்கு மேல் போன பிறகு, இன்று தூங்கும் இடத்தைவிட நாளை தூங்கும் இடம் 1,600 அடிக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் தங்க வேண்டும். பகலில் கணவாய் ஏறி இறங்கலாம். ராத்திரி தலை சாய்க்கும் இடம்தான் கணக்கு. ஆகவே பயணத் திட்டம் போடுகிறவர் கிலோ மீட்டரை இரண்டாம் பட்சமாக வைத்து, தூங்கும் இடங்களின் உயரத்தை முதலில் வரிசையாக எழுத வேண்டும்.

எழுதிப் பார்த்தால் நம் குமாஸ்தாவின் திட்டத்தில் ஓட்டை தெரியும். 60 கிலோ மீட்டர் கணக்கில் போகிறவர், 10,500 அடியில் உள்ள ஜிஸ்பாவில் தூங்கி விட்டு, வேகமாக மிதித்து மறுநாளே பாரலாச்சாவைத் தாண்டி சர்ச்சுவில் படுக்கப் பார்ப்பார். சர்ச்சு 14,100 அடி. ஒரே ராத்திரியில் 3,600 அடி வித்தியாசம்.

அதைவிட மோசம், சர்ச்சு இருக்கும் இடம். மலை நோய்க்குக் கைகண்ட வைத்தியம் கீழே இறங்குவதுதான். ஆனால் சர்ச்சுவில் இருந்து கீழே இறங்க முடியாது. மணாலிப் பக்கம் திரும்பினால் 16,040 அடி பாரலாச்சாவை மறுபடியும் ஏற வேண்டும். லே பக்கம் போனால் 16,600 அடி லாச்சுலுங். அடுத்து வரும் பாங் 15 ஆயிரம் அடிக்கு மேல். அங்கே மாட்டிக்கொண்டால் முன்னால் நிற்பது தங்லங் லா. ஆபத்துக்கு இறங்க வேண்டியவன், முதலில் ஏறியாக வேண்டும்!

ஆகையால் சர்ச்சுவுக்கு முன்பே முடிவு எடுத்து விட வேண்டும். தலைவலி இருக்கும்போது பாரலாச்சாவைத் தாண்டவே கூடாது.

எத்தனை நாள் வேண்டும்?

மணாலியில் 2 ராத்திரி. மறுநாள் மார்ஹி. பிறகு ரோதங்கைத் தாண்டி கோக்சர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு தூரம் 46 கிலோ மீட்டர் குறைந்தது. லாரிகள் பெரும்பாலும் சுரங்கத்தில் போய் விடுகின்றன. சைக்கிள்காரருக்கு மேல் பாதையே நல்லது. உடம்பு பழக முதல் பாடம் அது. கெய்லாங்கில் 2 ராத்திரி, ஜிஸ்பாவில் ஒன்று, 12,300 அடியில் உள்ள பட்சியோவில் இரண்டு, 14 ஆயிரம் அடி ஜிங்ஜிங்பாரில் ஒன்று. இங்கே விதியை நூறு இருநூறு அடி மீறத்தான் வேண்டியிருக்கும். பட்சியோவில் இரண்டாவது ராத்திரி அதற்காகத்தான். பிறகு சர்ச்சு, நடுவில் ஓர் இடம், பாங், மோரே சமவெளி, ரும்ட்சே, லே. 15 ராத்திரி ஆகி விடுகிறது. அதற்கு மேல் 2 நாள் கையில் வேண்டும். 2023 ஜூலையில் பெய்த பேய் மழையில் மணாலிச் சாலைகளே அடித்துக்கொண்டு போயின. ரெயில் நாட்களையும் சேர்த்தால் முழுசாக மூன்று வாரம்.

மூன்று வாரம் லீவு எந்த மேனேஜர் கொடுப்பார் என்று கேட்கலாம். கிடைக்காவிட்டால் லேவை மறந்து விட்டு, மணாலியில் இருந்து ரோதங் தாண்டி ஜிஸ்பா வரை போய்த் திரும்பலாம். 12 நாளில் தாராளமாக முடியும். அதுவும் இமயமலைதான். 12 நாளில் லேவைப் பிடிக்கப் பார்ப்பதுதான் கூடாது.

போக நல்ல மாதம் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் மணாலிப் பக்கம் மண் சரிவு அதிகம். பனி உருகி சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள், காலையில் கணுக்கால் அளவு இருந்தால் மாலையில் முழங்காலைத் தாண்டும். எந்த மாதமானாலும் விடியற்காலையில் கடந்து விட வேண்டும்.

கெய்லாங்குக்கு முன்னால் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் பங்க் ஒன்று உண்டு. 'அடுத்த பங்க் 365 கிலோ மீட்டர்' என்று அங்கே நீண்ட காலம் ஒரு பலகை இருந்தது. பெட்ரோல் சைக்கிளுக்கு வேண்டாம். டியூப், கம்பி, பிரேக் கட்டை, செயின் இணைப்பு எல்லாம் வேண்டும். கெய்லாங்கை விட்டால் லேயில்தான் கடையை எதிர்பார்க்கலாம். மலை நோய் மாத்திரையை டாக்டரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சல்பா ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் சொல்லி விட வேண்டும். மேலே போனதும் மதுவும் தூக்க மாத்திரையும் தொடக் கூடாது.

மணாலிக்கு ரெயில் கிடையாது. சண்டிகர் வரை ரெயில், பிறகு பஸ். சைக்கிளை பிரேக் வேனில் போட, பயண டிக்கெட்டோடு வண்டி புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே பார்சல் ஆபீசுக்குப் போய் விட வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டினால் அடி படாது. பெயரும் சேரும் ஸ்டேஷனும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுவது நல்லது. ஒன்று அறுந்து போனாலும் இன்னொன்று இருக்கும். லேயிலும் ரெயில் கிடையாது. திரும்பும்போது பஸ் கூரையிலோ லாரியிலோ சைக்கிளை ஏற்றி, ரோதங் தவிர மற்ற நான்கு கணவாய் வழியாகத்தான் மணாலிக்கு வர வேண்டும். அதற்கும் இரண்டு நாளை லீவு விண்ணப்பத்தில் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.