தரையில் நின்றே மாடிக் கண்ணாடி கழுவலாம்! அலுமினிய பைப் மட்டும் வேண்டவே வேண்டாம்

கோவை:

கோவை அவினாசி ரோடு, பீளமேடு, 2010-ல் டைடல் பார்க் வந்த விளாங்குறிச்சி பக்கம் எங்கு பார்த்தாலும் கண்ணாடி கட்டிடங்கள்தான். இதை கழுவ கயிற்றில் தொங்குகிறார்கள், ஏணியில் ஏறுகிறார்கள். கை நழுவினால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு மாற்றாக வந்ததுதான் தண்ணீர் ஏறும் கம்பு. நீளமான கம்பின் நுனியில் பிரஷ், பக்கத்தில் 2 நாசில். கீழே இருக்கும் பம்ப், டியூப் வழியாக தண்ணீரை மேலே தள்ளும். 30 அடி கம்பு இருந்தால் 3 மாடி வரை தரையில் நின்றே கழுவி விடலாம். வெளிநாட்டு செட் விலை அதிகம். ஆனால் பம்புக்கு பேர்போன நம்ம ஊரில் பாதி சாமான் கடைவீதியிலேயே கிடைக்கும்.

மருந்தடிக்கும் மெஷின் போதும்

தோட்டத்தில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது 12 வோல்ட் பம்ப். இதுவே போதும். கரண்ட் வயர் இழுக்க வேண்டியதில்லை. அதன் 16 லிட்டர் டேங்க் சில நிமிடத்தில் காலியாகி விடும் என்பதால், டியூபை 200 லிட்டர் டிரம்மில் விட வேண்டும். வாயில் வடிகட்டி வலை அவசியம். ஏற்கனவே பூச்சிமருந்து அடித்த மெஷினை தொடவே கூடாது. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு வைத்தால் தண்ணீர் வீணாகாது.

உப்புத்தண்ணி ஆகாது

போர் தண்ணியில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக திட்டு நிற்கும். அது தண்ணியில் கரைந்திருக்கும் உப்பு. சாஃப்ட்னர் போட்டாலும் பலன் இல்லை. அது ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பை விடுகிறது, அவ்வளவுதான். டி.டி.எஸ். குறையாது.

1,000 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டால் 50 முதல் 100 வரை இறங்கும். பிறகு டி.ஐ. ரெசின் சிலிண்டரில் விட்டால் பூஜ்யத்தை ஒட்டி வந்து விடும். மீட்டரில் 10-க்கு கீழே காட்டினால் துணி போட்டு துடைக்கவே வேண்டாம், தானாக காய்ந்தாலும் கறை நிற்காது. முதலில் மேல் சட்டத்தை தேய்த்து, பிறகு கண்ணாடியை தேய்த்து, கடைசியில் மேலிருந்து கீழாக அலச வேண்டும்.

மில் கூரைகளில் உள்ள சோலார் பேனலுக்கும் இதே செட் ஆகும். ஆனால் உச்சிவெயிலில் வேண்டாம். சூடான பேனலில் குளிர்ந்த தண்ணி பட்டால் விரிசல் விழலாம். காலையில் வெயில் ஏறும் முன் முடித்து விடுவது நல்லது.

உயிரோடு விளையாட வேண்டாம்

செலவை மிச்சம் பிடிக்க கம்புக்கு பதில் ஜி.ஐ. பைப், அலுமினிய பைப் கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. தென்னந்தோப்பில் இரும்பு தொரட்டி மின்கம்பியில் உரசி ஆள் பலியான செய்திகளை படித்திருப்பீர்கள். இதுவும் அதே கதைதான். தெருவில் ஓடும் லைனில் 11 ஆயிரம் வோல்ட் இருக்கலாம். விலை உயர்ந்த கார்பன் ஃபைபர் கம்பிலும் கரண்ட் பாயும். ஃபைபர் கிளாஸ் கம்பு ஓரளவு தேவலாம். ஆனால் அதுவும் நனைந்து அழுக்கேறி விட்டால் நம்ப முடியாது.

எனவே கம்பை தூக்கும் முன் அண்ணாந்து பார்க்க வேண்டும். முழு நீளத்துக்கு நீட்டிய கம்பு சாய்ந்தால் லைனில் படுமா? படும் என்றால் அங்கே வேலை செய்யக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லி, சப்ளையை நிறுத்திய பிறகே தொடங்க வேண்டும்.

மேஸ்திரி அலுமினிய பைப்பை கையில் கொடுத்தால், "லைன் பக்கத்தில் இதை தூக்க மாட்டேனுங்க" என்று தொழிலாளி தைரியமாக சொல்லலாம்.