சிதம்பரத்தில் ஒரு நாள்: கோபுரமும் கொத்சுவும்

மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் ஏறினால் நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், பரங்கிப்பேட்டை வழியாகச் சிதம்பரம். சரக்குக்கோ வசூலுக்கோ அங்கே போகாத வணிகர் நம் பக்கத்தில் குறைவு. வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுகிறோம். ஒரு முறையாவது குடும்பத்தோடு போய், ஊரைப் பார்த்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வாருங்கள். அதில் நமக்கு வியாபாரமும் இருக்கிறது.

காலையிலேயே போய்விடுவது நல்லது. மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். கோயில் சுமார் 40 ஏக்கர். கீழக் கோபுர வாயிலில் பரத நாட்டியத்தின் 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. அவசரத்தில் பலர் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. நடராஜரையும் கோவிந்தராஜப் பெருமாளையும் ஒரே இடத்தில் நின்று சேவிக்கலாம். பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடுகள், அது ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் கணக்கு என்பார்கள். வியாபாரி புத்தி, பெருக்கிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் சரியாகவே வருகிறது.

நடை சாத்தியதும் சாப்பாடு. சிதம்பரம் என்றால் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும். வடித்த சாதத்தில் நெய் விட்டு, மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துக் கலப்பதுதான் சம்பா சாதம். நடராஜருக்கு நைவேத்தியமாவதும் இதுவே. வெங்காயம், பூண்டு கிடையாது. வேறு மசாலா இல்லாததால் மிளகின் தரம் வாயில் வைத்தவுடன் தெரிந்துவிடும். பப்பாளி விதை கலந்த மிளகை இதில் போட்டு யாரையும் ஏமாற்ற முடியாது. கொத்சுவுக்குக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளிக்கரைசல் விட்டு, வறுத்து அரைத்த தனியா, மிளகாய், கடலைப்பருப்புப் பொடி சேர்த்துக் கொதிக்க விடுவார்கள். இட்லிக்கும் பொங்கலுக்கும் ஏற்றது.

வருத்தம் என்னவென்றால், வெளியூர்க்காரர் பலர் இதைச் சாப்பிடாமலே திரும்புகிறார்கள். எந்த ஊரிலும் கிடைக்கும் பரோட்டாவையும் ஃபிரைடு ரைஸையும் அங்கேயும் தின்றுவிட்டுப் போகிறார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் என்ற பழைய நகரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பீட்சா சுடும் கலையை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே போகிறவர் பீட்சா சாப்பிடாமல் திரும்புவதில்லை. நம் கொத்சு எதில் குறைந்தது? உணவகத்தார் வாசல் பலகையில் முதல் வரியாக எழுதட்டும். மளிகைக்காரர்கள் கொத்சுப் பொடியை 100 கிராம் பொட்டலமாகக் கட்டி, தயாரித்த தேதியும் போட்டு, கல்லாவின் பக்கத்தில் வைக்கலாம். ஊருக்குத் திரும்புகிறவர் கையில் எதையாவது வாங்கிப் போகத்தான் விரும்புவார்.

பிற்பகலில் பிச்சாவரம். சதுப்பு நிலக் காட்டுக்குள் படகில் போகலாம். 1975-இல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வரும் இடம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு உடனே புரியும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரத்தையும் அங்கேதான் பார்க்க முடியும்.

கூட்டம் அதிகம் வருவது ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும். இரண்டும் பத்து நாள் உற்சவம். ஒன்பதாம் நாள் ஐந்து தேர்களும் நான்கு வீதிகளையும் சுற்றிவரும்போது சரக்கு வண்டி உள்ளே நுழைய முடியாது. ஆகவே கொடியேற்றத்துக்கு முன்பே மிளகு, சீரகம், நல்லெண்ணெய், நெய் இறக்கிவிட வேண்டும். மார்கழியானால் திருவாதிரைக் களிக்குப் பச்சரிசி, வெல்லம், ஏலக்காயும் கூடுதலாகக் கேட்பார்கள். முந்திரிக்கு நம் பண்ணுருட்டி இருக்கிறது.