அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர்தான். ஆனால் சூளகிரி தாண்டியதும் காற்றே வேறாகிவிடும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். ஓசூர் ஏறக்குறைய 900. இந்த 400 மீட்டர் ஏற்றத்துக்குப் பொதுக் கணக்குப்படி இரண்டரை டிகிரி வெப்பம் குறையும். இந்தக் குளுமைக்காகவே பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி இங்கே வீடு பிடிக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்காக மதுரையிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருபவர்களுக்கும் ஊர் பிடித்துப்போகிறது. செப்டம்பர், அக்டோபர் மழை முடிந்து ஒருநாள் பீரோவை நகர்த்தும்போதுதான் பின்சுவரில் கறுப்பாகப் பூத்துக் கிடப்பது கண்ணில் படுகிறது.

உடனே கைப்பேசியில் தேடுகிறார்கள். பூஞ்சைப் பரிசோதனை, பூஞ்சை அகற்றல், வாட்டர் புரூஃபிங், 'ஒரே நாளில் தீர்வு' என்று பெங்களூரு நிறுவனங்களின் விளம்பரங்கள் வரிசைகட்டுகின்றன. யாரைக் கூப்பிடுவது, கூப்பிடத்தான் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கக் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் உயிரியலும் தேவைப்படுகிறது.

பூஞ்சையின் வித்துகள் எங்கும் இருக்கின்றன. நீங்கள் இதைப் படிக்கும்போது உள்ளிழுக்கும் காற்றிலும் உண்டு. கிளாடோஸ்போரியம், ஆல்டர்நேரியா, பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பல இனங்கள் மண்ணிலும் சருகிலும் வளர்ந்து காற்றேறி வருகின்றன. வீட்டுக்குள் வராமல் தடுக்கும் வித்தை யாரிடமும் கிடையாது. வந்து விழுந்த வித்து முளைக்க மூன்று வேண்டும்: தாங்கக்கூடிய வெப்பம், உண்ணக் கொஞ்சம் கரிமப் பொருள், ஈரம். முதலாவது நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்டு. இரண்டாவதை பெயின்ட், பட்டி, பிளைவுட், துணி, தூசி ஆகியவை தந்துவிடுகின்றன. நம் கட்டுப்பாட்டில் இருப்பது மூன்றாவது மட்டும்தான்.

ஈரம் என்றால் சுவரில் தண்ணீர் வழிய வேண்டும் என்பதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றாலே போதும். அறைக் காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் மழைக்காலத்துக்கு இது சாதாரணம். இந்தக் காற்று 19 டிகிரிச் சுவரில் பட்டால் வியர்த்துவிடும். ஆனால் சுவர் 22, 23 டிகிரி இருந்தாலே அதை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கில் ஈரப்பதம் 80-ஐத் தொட்டுவிடுகிறது. வெயிலே படாத வடக்குச் சுவர், அதை மறைத்தபடி ஒரு பீரோ, மழைக்கு அஞ்சிச் சாத்திய ஜன்னல், உள்ளே கொடியில் காயும் துணி. ஒரு சுமை ஈரத்துணி உலரும்போது ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது. கூரையில் ஒரு கீறல்கூட இல்லாத புது வீட்டிலும் பூஞ்சை வருவது இப்படித்தான்.

இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். அமுதகொண்டபள்ளியிலும் பாகலூர், தளி பக்கமும் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு போட்ரிடிஸ் என்ற சாம்பல் பூஞ்சை பெரும் பகை. மொட்டில் ஒரு சொட்டு ஈரம் இரவெல்லாம் தங்கினால் போதும், ஏற்றுமதிக்கு வெட்டிய பூ பெட்டிக்குள்ளேயே அழுகிவிடும். மருந்து அடிப்பார்கள்தான். ஆனால் பக்கத்திரையைச் சுருட்டி ஈரக்காற்றை வெளியேற்றாமல் மருந்தை மட்டும் நம்பினால் தோட்டம் தங்காது. வீட்டுச் சுவருக்கும் விதி இதுவேதான். வீட்டில் மட்டும் நாம் திரையைச் சுருட்டாமலே மருந்தடிக்க ஆள் தேடுகிறோம்.

பரிசோதனைக்கு வருபவர் என்ன செய்வார்? ஒரு சிறிய பம்பால் அறைக் காற்றை உறிஞ்சி, பிசின் தடவிய கண்ணாடித் துண்டில் வித்துகளைப் படியவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். அல்லது ஊட்டப்பொருள் நிரப்பிய பெட்ரி தட்டைத் திறந்துவைத்து, சில நாளில் அதில் முளைத்ததைக் காட்டுவார். இந்தத் தட்டைப் பார்த்து மிரளாதவர் குறைவு. ஆனால் உலகின் மிகச் சுத்தமான வீட்டில் வைத்தாலும் அதில் ஏதாவது முளைக்கும். வெளிக்காற்றிலும் அதே நேரத்தில் மாதிரி எடுத்து ஒப்பிடாவிட்டால் உள்ளே எடுத்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மாட்டுப்பண்ணையும் காய்கறித் தோட்டமும் சூழ்ந்த மத்திகிரியில் வெளிக்காற்று என்ன கணக்குக் காட்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: இத்தனை வித்துவரை பாதுகாப்பு, அதற்குமேல் ஆபத்து என்று சொல்லும் அளவுகோல் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரம், பூஞ்சை குறித்து விரிவான வழிகாட்டு நூல் வெளியிட்டது. ஈரமான வீட்டில் இருப்போருக்கு ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்பு கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று உண்டு என்றது. ஆனால் எண்ணிக்கை வரம்பு எதையும் வகுக்கவில்லை. ஈரத்தையும் பூஞ்சையையும் வரவிடாதீர்கள், வந்தால் அகற்றுங்கள் என்பதே அதன் சாரம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கண்ணுக்குப் பூஞ்சை தெரிந்தால் பெரும்பாலும் மாதிரி எடுக்கத் தேவையில்லை என்கிறது. எந்த இனமாக இருந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான். பிறகு பெயர் தெரிந்து என்ன?

கறுப்பாக இருந்தால் அஞ்ச வேண்டுமா என்று கேட்பார்கள். 2021-ல் கொரோனாவோடு கரும்பூஞ்சை நோய் வந்து, மே மாதம் தமிழக அரசு அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததிலிருந்து இந்தப் பயம் போகவில்லை. அந்த நோயைத் தரும் மியூகோர் வகைப் பூஞ்சைகள் வேறு. சர்க்கரை கட்டுமீறியவர்கள், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்கள் உடலில் அவை புகுந்தன. சுவரில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியமோ ஆஸ்பெர்ஜில்லஸின் ஒரு வகையோதான்.

அமெரிக்காவுக்கும் ஒரு கறுப்புப் பயம் இருந்தது. ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற பூஞ்சை, நன்றாக நனைந்த காகித நாரில் வளர்வது. 1990-களில் கிளீவ்லேண்ட் நகரில் கைக்குழந்தைகளின் நுரையீரலில் ரத்தம் கசிந்ததற்கு இதுவே காரணம் என்று சொல்லப்பட்டது. 2000-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே மறு ஆய்வு செய்து, அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. அதற்குள் பயம் தொழிலாகிவிட்டது. டெக்சாஸில் 2001-ல் பூஞ்சை பிடித்த ஒரு மாளிகை வழக்கில் காப்பீட்டு நிறுவனம் 3.2 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீட்டில் அது சுமார் 40 லட்சமாகச் சுருங்கியது. பரிசோதிப்பவர்களும் அகற்றுபவர்களும் ஊரெங்கும் முளைத்தார்கள். 2003-ல் டெக்சாஸ் சட்டம் இயற்றி இருவருக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஒரே வேலையில் சோதிப்பவரே அகற்றுபவராக இருக்கக் கூடாது என்றும் விதித்தது. புளோரிடா, நியூயார்க் மாநிலங்களிலும் இந்தத் தடை உண்டு.

நம்மிடம் அப்படித் தனி உரிமம் கிடையாது. பூச்சி மருந்து அடிப்பவர், பெயின்டர், வாட்டர் புரூஃபிங் ஏஜென்சி என்று யார் வேண்டுமானாலும் பூஞ்சை நிபுணர் ஆகலாம். ஆகவே டெக்சாஸ் சட்டத்தை வீட்டுக்காரரே தன் வாசலில் அமல்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். இலவசப் பரிசோதனை என்று வந்து, தட்டைக் காட்டி, கையோடு கொட்டேஷன் நீட்டுபவரிடம் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அப்படியானால் நிபுணரே வேண்டாமா? வேண்டும், ஆனால் தண்ணீரைத் தேடுபவர் வேண்டும். ஓசூர் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பாகம் கழிவானால் 'வொய்-வொய்' என்று ஐந்து தடவை ஏன் கேட்டு மூலக்காரணத்தைப் பிடிக்காமல் அங்கே அறிக்கை முடியாது. அதே ஆள் வீட்டுக்கு வந்தால், கறை தெரிகிறதா, ஒரு கோட்டிங் அடித்துவிடு என்கிறார்.

கறை இருக்கும் இடமே பாதி விடை சொல்லும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் பட்டையாக ஓடி, வெள்ளையாக உப்பு பூத்து, பட்டி பொடிந்து உதிர்ந்தால் அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். கூரையில் வட்டமாக இருந்தால் மொட்டை மாடித் தட்டோட்டின் இடுக்கையோ, மாடிக் குளியலறைக் குழாயையோ பார்க்க வேண்டும். மேல் மூலையிலும் பீரோ பின்னாலும் மட்டும் என்றால் காற்றின் ஈரம். நெருக்கமான மனைகளில் இன்னொரு காரணம் உண்டு: இரண்டு வீட்டுக்கும் நடுவே கைகூட நுழையாத சந்து. அந்தப் பக்கச் சுவருக்கு வெளிப்பூச்சு பூச முடியாமலே கட்டிடம் எழும்பியிருக்கும். மழை நேராகச் செங்கல்லில் இறங்கும். உள்ளே எத்தனை கோட்டிங் அடித்தாலும் நிற்காது. சந்தின் வாயில் மேலே ஒரு தகரம் அடித்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் நின்றுவிடும்.

சந்தேகமாக இருந்தால் ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் வியர்த்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்குப் பின்னால் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூஞ்சையா என்று தெரியாவிட்டால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்; கரைந்தால் உப்பு. வரும் ஆளிடம் ஈரமானி இருக்கிறதா, மொட்டை மாடிக்கு ஏறினாரா, குழாயை அடைத்துத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தாரா என்று கவனித்தால் அவர் எப்படிப்பட்டவர் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சுத்தம் செய்வதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தரும் எல்லை 10 சதுர அடி. அதற்குக் குறைவென்றால் நாமே செய்யலாம். என்-95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது பெரிய தவறு. சுவரில் இருந்ததை அறை முழுக்கப் பறக்கவிட்டதாகிவிடும். பிளீச்சிங் கறுப்பை வெளுக்கும், ஆனால் செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். துடைத்து எடுத்தால்தான் கணக்கு. பிளீச்சிங் ஊற்றிய இடத்தில் கழிப்பறை ஆசிடை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பெரிய பரப்பு, பொய்க்கூரைக்குள் பரவியது, சாக்கடைத் தண்ணீர் புகுந்தது, வீட்டில் ஆஸ்துமாக்காரரோ எதிர்ப்பு சக்தி குறைந்தவரோ இருப்பது: இவற்றுக்கு ஆள் வைப்பதே சரி. தெரிந்தவர்கள் அறையை பிளாஸ்டிக் திரையால் அடைப்பார்கள், காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைப்பார்கள், நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கொண்டு வருவார்கள், ஊறிய ஜிப்சம் பலகையையும் பிளைவுட்டையும் அறுத்து எறிவார்கள். புகை மருந்தோ ஓசோனோ அடித்து ஒரு மணி நேரத்தில் முடிப்பதாகச் சொன்னால், எறிய வேண்டியதை எறியாமல் பில் போடப்போகிறார் என்று பொருள்.

இவை எதுவும் வெள்ளத்தின் முன் நிற்பதில்லை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் தொடக்கத்தில், இதே மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப்போனது. அப்படி நனைந்த வீட்டில் பூஞ்சை முளைக்க ஒன்றிரண்டு நாள் போதும். நிபுணரைத் தேடும் நேரமல்ல அது. மெத்தை, தலையணை, பிளைவுட் சாமான்களை வெளியே போட்டுவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து மின்விசிறி ஓடவிட வேண்டும். அதற்கு முன் மின்பணியாளர் வந்து ஒயரிங்கைப் பார்த்துவிட வேண்டும்.

ஓசூரில் பாதிச் சிக்கல் சுவருடையது அல்ல, வாடகையுடையது. ஓதம் யார் குற்றம்? துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள் என்பார் உரிமையாளர். கூரை ஒழுகுகிறது என்பார் குடியிருப்பவர். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயின்டிங் பிடித்தம் வேறு. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், கட்டிடத்தின் கட்டமைப்புப் பழுதும் சுவர் வெள்ளையடிப்பும் குழாய் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று தன் அட்டவணையில் சொல்கிறது. குடியிருப்பவரையே குறைசொல்வது நம் ஊரில் மட்டுமல்ல. இங்கிலாந்தின் ராச்டேலில் 2020-ல் இறந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் சாவுக்கு வாடகை வீட்டுப் பூஞ்சையே காரணம் என்று 2022-ல் விசாரணை அதிகாரி அறிவித்தார். அவன் பெற்றோர் பலமுறை புகார் செய்திருந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்டவர்களோ வாழ்க்கைமுறைதான் காரணம் என்று அவர்களையே குறைசொல்லியிருந்தார்கள். அவன் பெயரால் வந்த சட்டம், சமூக வாடகை வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்த காலக்கெடுவுக்குள் சரிசெய்யக் கட்டாயப்படுத்துகிறது.

பழைய வீடுகளுக்குப் பொங்கல்தோறும் சுண்ணாம்பு அடித்ததில் ஒரு வேதியியல் இருந்தது. நீர்த்த சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல், அதில் பூஞ்சை பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்ல அந்தக் காரம் தணிந்துவிடுவதால் அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்புச் சுவர் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடவும் செய்யும். இன்றைய பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அதை உள்ளேயே அடைக்கின்றன. பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் மோசமில்லை. ஈரச் சுவரில் அடித்தால்தான் அடுத்த மழைக்குள் கொப்பளமாகி உரிந்துவரும்.

ஒழுகலை அடைத்த மறுவாரமே பெயின்டர் வந்து நிற்பார். கட்டுமானத் துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: சுவரின் ஒவ்வோர் அங்குலத் தடிமனும் உலர ஒரு மாதம். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கோடை வெயிலும் காற்றும் கிடைத்தால் சீக்கிரம் காயும். ஆனாலும் அக்டோபரில் ஒழுகலை அடைத்தவர், ஈரமானியில் பார்த்துவிட்டு, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பட்டி வைத்தால் போதும்.